சாமியின் வலக்கைப் பக்கம்

என் மனைவி ஹெனோவேவா பதினோரு வருஷமாக எங்கள் பிக்கப்பில் ஏறவில்லை. இத்தனைக்கும் வண்டி அவளுடையது. அவளுடைய அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் புதிதாக வாங்கி, சாகும்போது மகன் எலிசெயோவை விட்டுவிட்டு மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த வயிற்றெரிச்சல் என் மச்சான் எலிசெயோவுக்கு இன்றுவரை உண்டு. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். பச்சை நிறம், வட்டமான மூக்கு, தரையிலிருந்து முளைத்த மாதிரி கியர் கம்பி. இந்த மலைப்பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது.

அவள் ஏறாமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கோயில் மேட்டு உச்சியில் இருக்கிறது, வயல்கள் கீழே ஆற்றோரம். நடுவில் ஒன்றரை மைல் இறக்கம். ஒரு சனிக்கிழமை கீழே இருக்கும் அவளுடைய சித்தி வீட்டுக்கு வண்டி கொள்ளாமல் விறகு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஏறும்போது, பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கல்லு மாதிரி இருக்கிறது என்றேன். பாதி இறக்கத்தில் பெடல் சத்தமில்லாமல் தரைவரைக்கும் போனது. பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் குழாய்தான். எங்கே ஒழுகினாலும் நாலும் போச்சு. நான் ஸ்டியரிங்கை ஒடித்து மலைப்பக்கத்து மண்சரிவில் வண்டியைக் கொண்டுபோய்த் தேய்த்து நிறுத்தினேன். லெயாந்த்ரோ என்பவன் விழுந்து செத்த வளைவு அது. அவன் வீட்டார் நட்ட வெள்ளைச் சிலுவைக்கு நாலு அடி முன்னால் நின்றது வண்டி. ஹெனோவேவாவுக்கு இடது மணிக்கட்டு எலும்பு விரிசல். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுவும் ஒரு குற்றமாகப் போய்விட்டது.

எங்களை இழுக்க எலிசெயோ வந்தான். அந்தப் பதற்றத்தில் அவனிடம் வாயை விட்டுவிட்டேன். "திங்கக்கெழமைலேர்ந்தே பெடல் கீழ போய்ட்டுதான் இருந்துச்சு. ரெண்டு தடவ அமுக்கினா புடிச்சுது. சரி, அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

ஹெனோவேவா கையைப் பிடித்தபடி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கீழே நடக்க ஆரம்பித்தாள்.

மறுநாளே ஒழுகின இடத்தை அடைத்துவிட்டேன். அவள் ஏறவில்லை. பயம் என்று நினைத்தேன். டிரம் பிரேக் மேல் பயம், இறக்கத்தின் மேல் பயம். பதினோரு வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் ஒரு தம்பதியிடம் கோயில் சாவியைக் கொடுப்பார்கள். பூட்டித் திறப்பது, பெருக்குவது, சாமிக்குத் துணி தைப்பது, திருவிழா நடத்துவது எல்லாம் அந்த வருஷம் அவர்கள் பொறுப்பு. இந்த ஜனவரியில் சாவி எங்களிடம் வந்தது. மே பதினைந்தாம் தேதி சான் இசித்ரோ திருநாள். உழவர்களைக் காக்கும் புனிதர், எங்களுக்குச் சாமி. அன்றைக்கு அவருடைய சிலையை வண்டியில் வைத்துக் கட்டி, கோயிலிலிருந்து வயல்வரைக்கும் நடை வேகத்தில் இறக்கி, வாய்க்காலையும் விதைத்த நிலத்தையும் காட்டிக் கூட்டிவர வேண்டும். சாவி வைத்திருக்கும் கணவனும் மனைவியும்தான் முன்சீட்டில். முன்னெல்லாம் யாரிடம் சாவி இருந்தாலும் சாமி என் மாமனாரின் பச்சை வண்டியில்தான் போவார். பதினோரு வருஷமாக எலிசெயோவின் வெள்ளி நிற வண்டியில் போகிறார். அது ஒரு லாரி அளவு இருக்கும், கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகம் மாதிரி சத்தம் வரும்.

இந்த வருஷமாவது சாமி பச்சை வண்டியில், ஹெனோவேவா என் பக்கத்தில். இந்த ஆசையை நான் வெளியே சொல்லவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடப்போகிறேன், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய் வைக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். நடை வேகத்தில் இறக்கம் முழுக்க பிரேக்கில் கால் வைத்தே வரவேண்டும். மூடின டிரம்முக்குள் சூடு வெளியே போக வழியில்லாமல், அடிவாரம் வருவதற்குள் அது பிடிப்பை விட்டுவிடும். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவது, காற்றிலேயே ஆறிவிடும். இதையெல்லாம் அவளுக்கு அடுப்படியில் நின்று விளக்கினேன்.

"போட்டுக்க, கிழவா," என்றாள் மிளகாய் அரைத்துக்கொண்டே. "ஆனா சாமி எலிசெயோ வண்டிலதான் வரும். நானும் அதுலதான் வருவேன்."

கோயில் வேலையில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாமிக்கு வலப்பக்கம் பூ, இடப்பக்கம் மெழுகுவர்த்தி. நான் சாமியைப் பார்த்து நின்றுகொண்டு என் வலது கைப் பக்கம் பூவை வைப்பேன். ஞாயிறுதோறும் அவள் பின்னாலேயே வந்து மாற்றி வைப்பாள். வலது என்றால் உன் வலது இல்லை, சாமியோட வலது என்று அவள் எனக்குச் சொல்லாத வாரம் இல்லை. நானும் தலையாட்டுவேன், அடுத்த வாரம் மறுபடி மாற்றி வைப்பேன்.

ஏப்ரல் கடைசியில் சாமான் பெட்டி வந்தது. கொட்டகையில் வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்தேன். கூடவே ஒரு தாள் வந்திருந்தது, எட்டுப் பக்கம். நான் சாலைத் துறையில் முப்பது வருஷம் மண் நிரவும் கிரேடர் ஓட்டியவன். தாளைப் படித்து ஸ்பேனர் பிடிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. தாளை ஜன்னலில் காற்று வராமல் சொருகினேன். வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாமான்களைப் பிரித்து வைத்தேன். டிஸ்க் வட்டுகள் இரண்டு. அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டு. ஒன்றில் வலது, ஒன்றில் இடது என்று மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தது. வலதை வலப்பக்கம் வைத்தேன், இடதை இடப்பக்கம் வைத்தேன்.

பழைய டிரம்மைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் ஆனது. அறுபது வருஷத்துத் துரு. ஒரு சுத்தியல் பிடி உடைந்தது. ஆனால் டிரம் கையோடு வந்து, உள்ளே மாமனார் காலத்து மண் பொலபொலவென்று கொட்டியபோது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. அதன்பிறகு எல்லாம் சுலபம். வட்டு உட்கார்ந்தது, காலிப்பர் உட்கார்ந்தது. ரப்பர் குழாய் மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. செய்து அனுப்பினவனைத் திட்டிவிட்டு மேலே வேலையைப் பார்த்தேன். வண்டித் தரைக்குக் கீழே, பெடல் அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, இரண்டு அறை உள்ள புதியதை மாட்டினேன். ஆயில் ஊற்றினேன்.

மிச்சம் இருந்தது காற்றை வெளியே எடுக்கிற வேலை. குழாய்க்குள் ஒரு குமிழி காற்று இருந்தாலும் பிரேக் பிடிக்காது. ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூடவேண்டும். அமுக்கு, பிடி, விடு. காலுக்கு எலிசெயோவைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

செவ்வாய்க்கிழமை முழுக்க அமுக்கினான், புதன்கிழமையும் அமுக்கினான். நாலு போத்தல் ஆயில் போனது. பின்சக்கரங்கள் சுத்தமாக வந்துவிட்டன. முன்சக்கரத்தில் எத்தனை தடவை எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருந்தது. எலிசெயோவின் வாய் மட்டும் ஓயவில்லை. சாமிக்கு ஏசி பழகிவிட்டது, இந்தத் தகரத்தில் உட்காரமாட்டார் என்றான். அப்பா மகனுக்கு எழுதி வைத்திருந்தால் வண்டிக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்றான். ஜன்னலில் இருக்கும் தாளைப் படித்தால் என்ன என்று ஒரே ஒருமுறை கேட்டான். நான் பார்த்த பார்வையில் அதை மறுபடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு முட்டி வலி வந்துவிட்டது. இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு காலைத் தேய்த்தான். திருநாளுக்கு இன்னும் இரண்டே நாள்.

"மச்சான், இவ்வளவு போதும்," என்றான். "ரெண்டு தடவ அமுக்கினா புடிக்குதுல்ல? நடக்கற வேகத்துலதான போகப்போற? அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத. திருநா முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். தன் வண்டியைக் கழுவி மெழுகு போட்டு வைத்திருந்தவன், என் மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிறான். ஆனால் அந்த வார்த்தைகள் என்னுடையவை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மண்சரிவில் நின்றுகொண்டு நான் இவனிடம் சொன்ன அதே வார்த்தைகள். கல்லில் உட்கார்ந்திருந்த அவள் காதில் விழுந்ததும் இதுதான். எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல? அவளுக்கு பிரேக் மேல் என்றைக்குமே பயம் இருந்ததில்லை என்பது அந்தக் கொட்டகையில் கையெல்லாம் ஆயிலோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

எலிசெயோவை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போனேன். ஹெனோவேவா ஜன்னலோரம் உட்கார்ந்து சாமியின் புது மேலங்கிக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவாமல் உள்ளே வந்ததற்கு ஒரு பார்வை பார்த்தாள்.

"பெடல் சரியில்ல," என்றேன். "மெத்துனு இருக்கு. ரெண்டு தடவ அமுக்கினாதான் புடிக்குது. என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல. நான் இத எறக்கத்துல எடுக்கமாட்டேன். சாமி எலிசெயோ வண்டிலயே போகட்டும்."

ஊசி நின்றது.

"யாரு இத எங்கிட்ட சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எலிசெயோ?"

"அவன் சொல்லாதேன்னான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேலங்கியை மடித்துக் கூடையில் வைத்தாள். விரலில் இருந்த உறையைக் கழற்றினாள். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். கொட்டகைக்குள் போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அந்தக் கதவுக்கு ஒரு குணம், கொஞ்சம் தூக்கித்தான் இழுக்கவேண்டும். அதை அவள் கை மறக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன நிக்கற? என்ன செய்யணும், சொல்லு."

சக்கரத்தடியில் போய்ப் படுத்தேன். தூசி கண்ணில் விழுந்துவிட்டது, அதனால் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அமுக்கு என்றேன். பிடி என்றேன். திறந்து, மூடி, விடு என்றேன். அவள் கால் எலிசெயோ மாதிரி உதைக்கவில்லை. மெதுவாக, கடைசிவரைக்கும் போய், அங்கேயே நின்றது. பத்துத் தடவை இருக்கும்.

"நிறுத்து," என்றாள் மேலேயிருந்து. "மசிச்ச பீன்ஸ மிதிக்கற மாதிரியே இருக்கு. காத்து எந்த வழியா வெளில வரணும்?"

"இந்த நிப்பிள் வழியா."

இறங்கி வந்தாள். அறுபத்து மூன்று வயதில், நல்ல பாவாடையோடு, மண்தரையில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பாய்லரைப் பார்த்துக்கொண்டவள். ஒவ்வொரு அக்டோபரிலும் வகுப்பு வகுப்பாகப் போய், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் காற்றைத் திறந்துவிடுவது அவள் வேலை.

"இதுவா? அடியில இருக்கே, இதுவா?"

"ஆமா."

"காத்து என்னைக்குக் கிழவா கீழ எறங்கிச்சு? பள்ளிக்கூடத்துல ஒவ்வொண்ணுக்கும் மேல் மூலையில வெச்சிருப்பான். மேலதான் காத்து நிக்கும். நீ கீழ தொறந்து வெச்சுக்கிட்டு மூணு நாளா நல்ல ஆயிலக் கொட்டியிருக்க."

காலிப்பர் உச்சியில் ஒரு கைப்பிடிக் காற்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறது. அவள் தன் கட்டைவிரலால் காலிப்பர் மேலிருந்த அழுக்கைத் துடைத்தாள். மெழுகுப் பென்சில் எழுத்து தெரிந்தது.

"வலதுன்னு போட்டிருக்கு," என்றாள். "இது வண்டிக்கு எந்தப் பக்கம்?"

ஸ்டியரிங் இருந்த பக்கம். எங்கள் நாட்டு வண்டிகளில் அது இடது. மூக்குக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தவனுக்கு மட்டும்தான் அது வலது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"வலதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"சாமியோட வலது," என்று நான் முடித்தேன்.

அவள் சிரித்தாள். மண்ணில் உட்கார்ந்து, பம்பரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழாய் ஏன் முறுக்கிக்கொண்டு நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்ட இரண்டு மணிநேரம் ஆனது. இந்தத் தடவை நிப்பிள் இரண்டும் மேலே பார்த்து நின்றன. அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். நாலாவது அமுக்கில் நிப்பிளிலிருந்து காற்று புஸ்ஸென்று வந்தது, பிறகு குமிழி குமிழியாக ஆயில், பிறகு சுத்தமான ஆயில். அடுத்த பக்கமும் அப்படியே. கடைசியில் அவள் காலை வைத்தாள். கால் பாதி தூரம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாள். அங்கேயேதான் நின்றது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபிறகும் காலை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை நான் மேட்டுத் தெருவில் ஏழெட்டு முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். வட்டைத் தொட்டுப் பார்த்தேன், கொட்டின இடமெல்லாம் கழுவினேன். வருவாளா என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஊரே கோயில் வாசலில் நின்றது. சாமியையும், அவருடைய இரண்டு சின்ன மாடுகளையும், அவருக்குப் பதிலாக ஏர் பிடிக்கும் தேவதையையும் பச்சை வண்டியின் பின்னால் வைத்து மாமனார் காலத்துக் கயிற்றால் கட்டினோம். வலப்பக்கம் பூ. சரியாக வைத்தேன். எலிசெயோ முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் வண்டி கோயிலுக்குப் பின்னால் ஸ்டார்ட் செய்தால் போதும் என்கிற நிலையில் நிற்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெனோவேவா கருப்பு உடையில் வண்டியிடம் வந்தாள்.

"பிரேக் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே அமுக்கிப் பாத்து சொல்லு."

அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டிரைவர் பக்கம் போய்க் கதவைத் தூக்கி இழுத்து ஏறினாள். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினேன். மனைவி ஓட்டி, சாவி வைத்திருக்கும் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து போனது எங்கள் ஊரில் அதற்குமுன் கிடையாது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பாடகர்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டதால் அது எடுபடவில்லை.

இறக்கம் தொடங்கியது. முதல் கியரில், நடை வேகத்தில், பின்னால் நூறு பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தாள். முப்பது வருஷம் கிரேடர் ஓட்டியவன் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

லெயாந்த்ரோவின் வளைவு வந்தது. வெள்ளைச் சிலுவைக்கு யாரோ அன்று காலையில் பிளாஸ்டிக் பூ சுற்றியிருந்தார்கள். சிலுவைக்கு நேராக வந்ததும் அவள் பிரேக்கை அமுக்கினாள். வண்டி நின்றது. இழுக்கவில்லை, வழுக்கவில்லை, நின்றது. திரும்பிப் பார்த்தேன், சாமியின் மேலங்கிகூட அசையவில்லை. பாட்டு தடுமாறி ஓய்ந்தது. எலிசெயோ வியர்த்துப்போய் ஜன்னலுக்கு ஓடிவந்து, என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை, போய்ப் பாடு என்றாள்.

அவன் போகும்வரை காத்திருந்தாள். பார்வை ரோட்டிலேயே இருந்தது.

"நீ திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

பதினோரு வருஷமாக என்னிடம் இதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. ஒழுகினது சின்ன ஓட்டை, அந்த வாரம் வேலை அதிகம், விறகு பாரம் அதிகம். ஒன்றையும் எடுக்கவில்லை.

"சொல்லியிருக்கணும்," என்றேன்.

பின்னால் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், வண்டி மெதுவாக நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், கோயிலிலிருந்து இதுவரைக்கும் என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. நானும் காலை எடுத்தேன்.